கூலியும் நாமே

திருவாலங்காட்டு இரத்தின சபையில் சிவன் காலைத் தலைக்கு மேல் தூக்கியதும் நடனப் போட்டியில் காளி தோற்றாள் என்கிறது தலபுராணம். நாம் கைபேசியை எவ்வளவு உயரத் தூக்கினாலும் வீட்டுக்குள் சிக்னல் மசிவதில்லை. கம்பியும் கான்கிரீட்டும் அலையை விழுங்கிவிடும்.

மருந்து, வைஃபை காலிங். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் கொண்டுவந்தன. செட்டிங்ஸில் ஒரு தட்டு. அழைப்பு கோபுரத்தை விட்டு நம் பிராட்பேண்டில் ஏறிப் போகும். எதிர்முனையில் அதே எண்தான் தெரியும்.

தனிக் கட்டணம் கிடையாதாம். வாஸ்தவம்தான். பிராட்பேண்ட் பில் நம்முடையது, மோடத்துக்கு மின்சாரம் நம்முடையது; ரீசார்ஜ் மட்டும் அவர்களுக்கு. மூட்டையையும் நாமே சுமந்து, கூலியும் நாமே கொடுக்கிறோம்!

கரண்ட் போனால்தான் மின்வாரியத்துக்குப் போன் போட வேண்டும். அப்போது பார்த்து மோடமும் அணைந்திருக்கும்.