கோப்பையும் மணிக்கூடும்
மாமாவிட்டக் கேளுங்கோ

இந்தமுறை மொன்றியல் வில்லரேயிலிருந்து வந்த கடிதங்களில் அநேகமானவை ஒரே முறைப்பாடு: "டயற் தொடங்கினன், வேலை வந்தது, விட்டிட்டன்." விட்டவர்கள் எல்லோரும் வரிசையில் வாங்கோ.

கே: தை முதலாம் திகதி தொடங்கின டயற் தைப்பொங்கலோடு படுத்துவிட்டது. எனக்கு மனவுறுதி இல்லையா? (வாசகர், ஜரி மெற்றோ அருகில்)

ப: மனவுறுதி இருந்தது, நாள்தான் போதவில்லை. லண்டன் யூனிவர்சிற்றி கொலிஜில் பிலிப்பா லாலி 96 பேரைக் கவனித்துப் பார்த்தார். ஒரு பழக்கம் யோசிக்காமலே நடக்கத் தொடங்கச் சராசரியாக 66 நாள் எடுத்தது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை போனது. தை 1 இல் தொடங்கினால் பங்குனி 7 வரை இழுக்கவேண்டும். நீங்கள் பொங்கல் பானையைக் கண்டதும் இறங்கிவிட்டீர்கள்.

கே: 21 நாள் போதும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

ப: அதை எழுதியவர் மக்ஸ்வெல் மோல்ட்ஸ். பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை செய்த மருத்துவர். முகத்தைத் திருத்திக்கொண்டவர்கள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் எடுத்தது என்று 1960 இல் எழுதினார். மூக்குக்குச் சொன்ன கணக்கை ஊர் வயிற்றுக்கு எழுதிவிட்டது.

கே: கலியாண வீட்டில் மூன்று மிதிவெடி சாப்பிட்டுவிட்டேன். எல்லாம் போச்சா மாமா?

ப: ஒரு மெற்றோவைத் தவறவிட்டால் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கா திரும்புகிறீர்கள்? அடுத்தது வரும்வரை நிற்கிறீர்கள் அல்லவா? லாலியின் ஆய்விலும் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் கெடுக்கவில்லை. அடுத்த நேரச் சாப்பாடுதான் உங்கள் அடுத்த மெற்றோ. ஏறுங்கோ.

கே: மனவுறுதியை வளர்ப்பது எப்படி?

ப: அதை வளர்க்க மினைக்கெடாதேங்கோ. முறுக்குப் பேணியை மேல்தட்டில் வைத்து, தோடம்பழத்தை மேசைக்கு இறக்குங்கோ. காலை ஏழு மணிக்கு எல்லோரும் வீரர். வேலை முடிந்து மாலை ஏழு மணிக்கு வருபவரின் கை, கிட்ட இருப்பதைத்தான் எடுக்கும். அந்தக் கைக்கு உபதேசம் செய்து பலனில்லை, தட்டை மாற்றுங்கோ.

கே: இரவு வேலை. நள்ளிரவில் கட்டிவந்த சோறு, விடிய வீட்டில் பாண். டயற் எங்கே நுழையும்? (தொழிற்சாலைத் தோழர்)

ப: பெரிய சாப்பாட்டை வேலைக்குப் போகமுன் முடியுங்கோ. நள்ளிரவுக்கும் விடிய ஆறுக்கும் இடையில் பசித்தால் அவித்த முட்டை, தயிர், ஒரு அப்பிள் என்று இலேசாகப் போகட்டும். உடம்புக்குள்ளும் ஒரு மணிக்கூடு ஓடுகிறது. அந்த நேரத்தில் சீனியைச் சமாளிக்க அதற்குச் சோம்பல். தொழிற்சாலை மூன்று ஷிஃப்ற் ஓடும், கணையத்துக்கு ஒரு ஷிஃப்ற்தான்.

கே: கனடா உணவு வழிகாட்டி வெள்ளைக்காரருக்கு எழுதியதுதானே? எங்களுக்கு எதற்கு?

ப: அது முதன்முதல் வந்தது 1942 இல், போர்க்காலப் பங்கீட்டு நாட்களில். 2019 இல் வந்தது எண்ணிக்கைப் பட்டியலைத் தூக்கி வைத்துவிட்டு ஒரு கோப்பையைக் காட்டியது: பாதி மரக்கறியும் பழமும், கால்வாசி முழுத்தானியம், கால்வாசி புரதம், குடிக்கத் தண்ணீர். இதில் வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை. கீரை, வறை, பருப்பு, மீன் எல்லாம் எங்கள் வீட்டில் இருக்கிறது, அளவுதான் தலைகீழ். எங்கள் கோப்பையில் சோறு கண்டம், மரக்கறி தீவு. வரைபடத்தைத் திருப்பி வரையுங்கோ.

கே: சோற்றை விடமுடியாது மாமா. உயிரே போய்விடும்.

ப: விடச் சொன்னது யார்? வரிசையை மாற்றுங்கோ. நியூயோர்க்கின் வைல் கோர்னெல் மருத்துவக் கல்லூரியில் நீரிழிவு உள்ள 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு விதமாகக் கொடுத்து 2015 இல் முடிவை வெளியிட்டார்கள். மரக்கறியும் இறைச்சியும் முதலில், பாண் கடைசியில் என்று சாப்பிட்ட நாளில் இரத்தச் சீனி குறைவாக ஏறியது. சின்ன ஆய்வுதான், ஆனால் செய்துபார்க்க ஒரு சதமும் செலவில்லை. சோறு வீட்டுக்காரர். கீரையும் மீனும் விருந்தாளிகள். விருந்தாளிகள் இருந்தபிறகுதானே வீட்டுக்காரர் பந்தியில் குந்துவார்?

கே: குரக்கன் புட்டு என்றால் எவ்வளவும் சாப்பிடலாமாமே?

ப: குரக்கனில் கல்சியம் உண்டு, நார் உண்டு, மாச்சத்தும் தாராளமாக உண்டு. சம்மட்டியால் அடித்தாலும் மாச்சத்து மாச்சத்துத்தான். நீத்துப்பெட்டியில் பாதி போதும், மீதி இடத்துக்கு முருங்கையிலைச் சுண்டல்.

கே: கீட்டோவா, கொழுப்புக் குறைந்த டயற்றா? வீட்டில் சண்டை. (தம்பதியர், ஜோன் தலோன் வீதி)

ப: ஸ்ரான்போர்ட்டில் 609 பேரை ஒரு வருடம் இரண்டு அணியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு அணிக்குக் கொழுப்பைக் குறைத்தார்கள், மற்றதுக்கு மாச்சத்தைக் குறைத்தார்கள். 2018 இல் முடிவு வந்தது. இரண்டு அணியும் சராசரியாக ஐந்தாறு கிலோ குறைந்திருந்தன. பெரிய வித்தியாசம் இல்லை. தை மாதம் தொடங்கி ஆடியிலும் உங்களால் சாப்பிடக்கூடியது எதுவோ, அதுதான் நல்ல டயற். சண்டையை நிற்பாட்டி இருவரும் சேர்ந்து கோவா வெட்டுங்கோ.

கே: தனியாகச் சமைக்க எனக்கு நேரம் எங்கே? இரண்டு பிள்ளைகள், முழுநேர வேலை, பின்னேரம் பிரெஞ்சு வகுப்பு. (ஒரு தாய், வில்லரே)

ப: உங்களுக்குத் தனியாகச் சமைக்கவே வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சியின் அடுப்படியைச் சொல்லுறன். வெளியே வளைந்தேறும் இரும்புப் படி, மூன்றாம் மாடி. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு அடுப்பில் பருப்பு, மற்றதில் மீன் குழம்பு, ஓவனுக்குள் கரட்டும் பூக்கோவாவும். மேசையில் மூடி போட்ட ஐந்து பெட்டி. முதலில் எல்லாப் பெட்டியிலும் பாதிக்கு மரக்கறி, பிறகு மீன், கடைசியாக மிஞ்சின மூலைக்குள் சோறு. மூன்று பெட்டி பிறிட்ஜுக்கு, வியாழனும் வெள்ளியும் உறைபெட்டிக்கு. சமைத்த சாப்பாடு பிறிட்ஜில் மூன்று நாலு நாள்தான் தாங்கும்.

அவவின் கெட்டித்தனம் அதற்குப் பிறகுதான். இரவு படுக்கமுன் தன் ஓப்பஸ் பயண அட்டையை அடுத்தநாள் பெட்டியின் மேல் வைத்து பிறிட்ஜை மூடிவிடுவா. அட்டை இல்லாமல் ஜரி மெற்றோ வழிவிடாது. பெட்டியைத் தூக்காமல் அட்டை வராது. இதை மனவுறுதி என்று சொல்லாதேங்கோ, பூட்டும் திறப்பும் என்று சொல்லுங்கோ.

கே: குளிர்காலத்தில் மரக்கறி விலை கொதிக்கிறதே?

ப: ஜோன் தலோன் சந்தை 1933 இலிருந்து நடக்கிறது, பனியிலும் திறந்திருக்கும். தை, மாசியில் அங்கே கோவா, கரட், பீற்றூட், பூசணி என்று கெபெக் மண்ணில் விளைந்து களஞ்சியத்தில் இருந்தவற்றைப் பாருங்கோ. மற்றதற்கு உறைந்த மரக்கறிப் பை இருக்கிறது. பறித்த சூட்டோடு உறையவைப்பதால் சத்து பெரும்பாலும் அப்படியே நிற்கும். கழுவவேண்டாம், வெட்டவேண்டாம். வேலைக்குப் போகிறவருக்கு அது பாதிச் சமையல்.

கே: பசியோடு கடைக்குப் போகலாமா?

ப: போகலாம். காசு வீட்டில் இருக்கட்டும்.

கே: ரிம் ஹோர்ட்டன்ஸ் டபுள் டபுள் இல்லாமல் எனக்கு விடியாது.

ப: இரண்டு கிறீம், இரண்டு சீனி. ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனி 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் நிற்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015 இல் சொன்னது. மூன்று டபுள் டபுள் குடித்தால் அந்தப் பங்கு கப்புக்குள்ளேயே முடிந்துவிடும். இந்த வாரம் ஒன்றரைச் சீனி, அடுத்த வாரம் ஒன்று. நாக்குக்குப் பிடிவாதம் அதிகம், மறதியும் அதிகம்.

கே: விருந்துக்குப் போனால் மாமிமார் விடமாட்டினம். வேண்டாம் என்றால் கோபம். என்ன செய்ய?

ப: "வேண்டாம்" என்பது வாசலில் செருப்பைத் திருப்பிப் போடுவதுபோல. "முதல்ல கொஞ்சம் போடுங்கோ மாமி, பிறகு வாறன்" என்று சொல்லுங்கோ, அவவின் முகமும் மலரும். ஆனால் என்ன செய்வது என்பதை வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டுப் போகவேண்டும். "ரோல்ஸ் தட்டம் வந்தால், ஒன்று எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்ப் பிள்ளைகளோடு கதைப்பேன்." இப்படி "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே கட்டிவைப்பவர்கள் சொன்னதைச் செய்து முடிக்கிறார்கள் என்று பீற்றர் கோல்விற்சர் என்ற உளவியலாளர் 1999 இல் எழுதினார். தட்டம் வந்தபிறகு யோசித்தால் ரோல்ஸ்தான் வெல்லும்.

கே: மூன்று நாள் வெறும் தண்ணீர் குடித்து ஒரேயடியாகக் குறைக்கலாமா?

ப: அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944–45 இல் 36 திடகாத்திரமான இளைஞர்களுக்கு அரை வருடம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். உடம்பு மெலிந்தது, ஆனால் நினைப்பு முழுக்கச் சாப்பாடு. சிலர் சமையல் புத்தகம் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். பட்டினி ஆசையைக் கொல்லாது, படிக்கவைக்கும். நீரிழிவுக்கு ஊசி, குளிசை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு நேரமும் விடவேண்டாம். சீனி சட்டென்று இறங்கினால் அது உயிர் விஷயம்.

கே: உலகத்தின் முதல் டயற் பிரபலம் யார்?

ப: முதல் ஆள் என்று அடித்துச் சொல்லமாட்டேன், புகழில் முன்னுக்கு நிற்பவர் வில்லியம் பன்ரிங். 1863 இல் தான் மெலிந்த கதையைச் சின்னப் புத்தகமாகப் போட்டார். சுவீடன்காரர் இன்றும் டயற் இருப்பதை "பன்ரா" என்றுதான் சொல்கிறார்கள். மனிதரின் தொழில், லண்டனில் மரணச் சடங்கு நடத்துவது. பெட்டியின் அளவு அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

கே: வள்ளுவர் டயற் பற்றி ஏதும் சொன்னாரா?

ப: 95 ஆம் அதிகாரம். பேர் "மருந்து". பத்துக் குறளில் ஆறு சாப்பாட்டைப் பற்றியது: முந்தினது செரித்ததா, பசித்ததா, அளவு தெரிந்ததா. "மருந்து" என்று தலைப்புப் போட்டுவிட்டு ஒரு குளிசையும் எழுதிக் கொடுக்காத ஒரே வைத்தியர்.

கே: இரண்டு மாதமாகத் தராசு அசையவில்லை. விட்டுவிடவா?

ப: தராசு பொய் சொல்லாது, ஆனால் பாதிதான் சொல்லும். தையல் நாடாவை எடுங்கோ. தெற்காசியருக்கு இடுப்புச் சுற்றளவு எல்லை ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர். ஒல்லியான கையும் காலும் உள்ள எங்கள் ஆட்களுக்கும் தொப்பைக்குள்தான் ஆபத்து ஒளித்திருக்கும். நாடா ஒரு சென்ரிமீற்றர் இறங்கினாலும் அது வெற்றி.

கே: யூரியூப்பில் ஒரு "நியூற்றிஷனிஸ்ற்" சொல்வதை நம்பலாமா?

ப: கெபெக்கில் அந்தப் பட்டம் சட்டத்தால் காக்கப்பட்டது. தொழில்சபையில் பதிவுள்ளவர் மட்டும்தான் அப்படிப் போட்டுக்கொள்ளலாம். சந்தேகம் என்றால் 811 க்கு அடியுங்கோ, இரவிலும் தாதி பேசுவார். யூரியூப்காரர் உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டாரா? கேட்காதவர் மருந்து சொல்லக்கூடாது.

கே: நடக்கவும் நேரமில்லை.

ப: ஜோன் தலோனில் இறங்கி வீடுவரை நடவுங்கோ. சனிக்கிழமை பிள்ளைகளோடு ஜரி பூங்கா. 1969 இலிருந்து 1976 வரை மொன்றியல் எக்ஸ்போஸ் பேஸ்போல் அணி அங்கேதான் ஓடியது. அவர்களுக்குச் சம்பளம் கிடைத்தது, உங்களுக்கு இரத்த அழுத்தம் இறங்கும்.

கே: எனக்கு 68 வயது. இனி மாறி யாருக்கு என்ன? (ஒரு தாத்தா)

ப: இன்றிரவு மேசையில் எதிரே யார் இருக்கிறது என்று பாருங்கோ. பேரப்பிள்ளை. எங்கள் ஆட்களுக்குள் நீரிழிவு இல்லாத வீட்டைத் தேடவேண்டியிருக்கிறது, அந்தப் பிள்ளைக்கும் அது வரிசையில் நிற்கிறது. புத்திமதி சொன்னால் பிள்ளையின் காதில் விழாது. ஆனால் தாத்தா எந்த அகப்பையை முதலில் தூக்குகிறார் என்று கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும். கீரை அகப்பையைத் தூக்குங்கோ.