உபவாசத்தை ஒளித்து வைப்பது எப்படி?

புதிதாக உபவாசம் இருக்க நினைக்கிறவர்கள் எல்லாரும் பசியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். தாங்க முடியுமா, மயக்கம் வருமா, தண்ணீர் குடிக்கலாமா? பசி அப்படியொன்றும் பெரிய விஷயமில்லை. பதினொரு மணிக்கு வரும். கவனிக்க ஆளில்லை என்று தெரிந்தால் பன்னிரண்டரைக்குத் தானாகப் போய்விடும். கஷ்டமெல்லாம் மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. உபவாசம் இருக்கிறவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரியக் கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்து, முகம் கழுவி, யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும் என்று இயேசு அங்கே சொல்லிவிட்டார். கலிலேயாவில் அது நடந்திருக்கலாம். பாளையங்கோட்டையில் நடக்காது.

எதிரே வருகிறவரைப் பார்த்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வியே ‘சாப்டாச்சா?’தான். சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். மரியாதைக்கெல்லாம் இல்லை. ‘ஆச்சு’ என்றால் ‘என்ன வச்சாங்க?’ என்று அடுத்தது வரும். பொய் சொல்லத் தெரியாதவன் அந்த இடத்தில் மாட்டிக்கொள்வான். எண்ணெய் யோசனையும் எடுபடாது. வாரநாளில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பளபளவென்று போய் நின்றால், ‘என்ன, வீட்ல கறியா?’ என்பார்கள்.

நான் சி.எஸ்.ஐ.; மனைவி வீடு ஆர்.சி. எங்கள் பக்கம் லெந்து, அவர்கள் பக்கம் தவக்காலம். எங்களுக்குக் கண்டிப்பான விதி என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் மனசாட்சிக்கு விட்டது. அவர்களுக்கு எல்லாமே கணக்கு. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் கட்டாய ஒருசந்தி. ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளையும் சேர்ந்தால்கூட ஒரு முழுச் சாப்பாட்டைத் தொடாத அளவுக்குச் சிறிது. 18 வயது நிறைந்ததிலிருந்து 60-ஆவது வயது தொடங்கும் வரை இது பொருந்தும். கறியை விடுகிற சுத்தபோசனத்துக்கு 14 வயது நிறைந்தால் போதும். அதற்குப் பிறகு விடுதலை இல்லை. மனைவியைப் பெற்ற என் அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. ஒருசந்திச் சட்டம் அத்தையை விட்டுப் பல வருஷமாகிறது. அத்தைதான் சட்டத்தை விடவில்லை.

அப்படிப்பட்டவர் கண்ணில் மண்ணைத் தூவி இன்னொருவர் அந்த வீட்டில் பட்டினி கிடக்க முடியுமா? ஒரு லெந்து வெள்ளிக்கிழமை, நான் சத்தம் காட்டாமல் சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறேன். அத்தை சமையற்கட்டில் ஹாட்பாக்ஸ் மூடியைத் திறந்து பார்த்து, இட்லியை எண்ணி, மூடியைத் திரும்பப் போட்டார்கள். பிறகு, நான் காதில் வாங்க வேண்டும் என்றே மகளைக் கேட்டார்கள்.

“ஏட்டி, மாப்பிள்ளைக்கு மேலுக்கு முடியலையா?”

“இல்லம்மா. லெந்துல்லா, சாப்பிடலையாம்.”

“சி.எஸ்.ஐ.ல அதெல்லாம் உண்டுமா?”

இருபதாம் நூற்றாண்டின் திருச்சபை ஒன்றிப்பு முயற்சிகள் எல்லாவற்றையும் அந்த ஒரு கேள்வி தாண்டிப் போய்விட்டது. சாயங்காலத்துக்குள் தெருவுக்கே செய்தி தெரிந்தது. போகிற வழியில் அது கொஞ்சம் மாறியும் இருக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு உடம்பு விசாரிக்க வந்தார்.

அத்தையிடம் எனக்கும் ஒரு வழக்கு உண்டு. சுத்தபோசனத்தில் கறிதான் கூடாது, மீன் கூடும். ஆட்டுக்கறியை ஆண்டவருக்காக விட்டுவிட்டு நெய்மீன் குழம்பு வைப்பது தூத்துக்குடிப் பக்கத்தில் எப்படி ஒறுத்தலாகும்? அமெரிக்காவில் இதை வைத்து ஒரு வியாபாரமே நடந்திருக்கிறது. 1962-இல் சின்சினாட்டியில் மெக்டொனால்ட்ஸ் கடை நடத்திய ஒருவர், வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கர்கள் கறி பர்கர் வாங்க வராததால் மீனை வைத்து ஒன்று செய்தார். அதுதான் ஃபிலே-ஓ-ஃபிஷ். அத்தையிடம் இதைச் சொன்னேன். “பார்த்தீங்களா, அங்கேயும் வெள்ளிக்கிழமை கறி தொடமாட்டாங்க” என்றார்கள்.

2025-இல் ரமலானும் தவக்காலமும் ஒன்றாக வந்தன. மார்ச் 2-ஆம் தேதி முதல் நோன்பு, 5-ஆம் தேதி சாம்பல் புதன். ஆபீஸில் பக்கத்து மேஜை பாய் எச்சில் விழுங்குவதற்குக்கூட யோசிப்பவர்போல் உட்கார்ந்து ஃபைல் பார்க்கிறார். நான் ஒரு சொம்பு தண்ணீரைக் காலிபண்ணிவிட்டு, தலை சுற்றுகிறது என்று அவரிடமே சொல்கிறேன். அவர் சிரிக்கவில்லை. “புதுசுல்லா சார், பழகிரும். முந்தின ராத்திரி வயிறு முட்டச் சாப்பிடாதீங்க. காப்பியை மட்டும் ஒரு வாரம் முந்தியே குறைச்சிருங்க” என்றார். உபவாசம் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். காப்பியைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. முதல் நாள் மத்தியானம் வருகிற தலைவலியைச் சாத்தானின் தாக்குதல் என்று எங்கள் ஜெபக்குழுவில் சிலர் கட்டி ஜெபிப்பார்கள். அது காப்பி.

எனவே புதியவர்கள் நாற்பது நாளில் கை வைக்க வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், ஒரு வேளை போதும். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. அவர்கள் வேறு எதையாவது விடலாம். எட்டு மணி சீரியலை விடலாமே என்று அத்தையிடம் ஒருமுறை சொன்னேன். சாப்பாட்டை விடு என்றால் விடுகிறவர்கள், அன்று என்னைப் பார்த்த பார்வை வேறு. மிச்சமாகிற அரை மணி நேரம் ஜெபத்துக்கு. மிச்சமாகிற காசு காகித உண்டியலுக்கு. ஏசாயா 58-ஐ ஒருதரம் வாசித்தால், பசித்தவனுக்குப் போய்ச் சேராத உபவாசத்தைப் பற்றித் தேவன் என்ன நினைக்கிறார் என்பது தெரியும். வாசித்த பிறகு உண்டியலில் சில்லறை போடக் கை கூசும்.

ஒளிந்துகொள்ள வசதியான நாள் பெரிய வெள்ளி. ஊரே பட்டினி, யாரும் யாரையும் கேட்பதில்லை. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மும்மணி ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பிரசங்கம். ஒவ்வொருவரும் தன் வார்த்தைதான் முக்கியமானது என்று நிரூபிக்கப் பார்ப்பார்கள். ஐந்தாம் வார்த்தை தாகத்தைப் பற்றியது. அது வரும்போது மணி இரண்டைத் தாண்டியிருக்கும், ஃபேன் அனல்காற்றைச் சுழற்றிக்கொண்டிருக்கும். சரியாக அந்த நேரத்தில் கோயிலுக்குப் பின்னால் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளத் துவையலுக்கு மிளகாய் வறுப்பார்கள். நெடி ஜன்னல் வழியாக ஏறி வந்து, பாடகர் குழுவில் பாதிப் பேர் இருமுவார்கள். போன தடவை பிரசங்கியார் அதை உருக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பத்து நிமிஷம் நீட்டினார்.

மற்ற நாட்களுக்கு எனக்கு ஒரு வழி கிடைத்தது, அதுவும் தானாக. ஆபீஸுக்குப் புதிதாக வந்த பையன், நான் காலைச் சாப்பாட்டை விடுவதைப் பார்த்துவிட்டு, “இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்கா சார்? பதினாறுக்கு எட்டா?” என்றான். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதோடு விசாரணை நின்றது. கடவுளுக்காகச் சாப்பிடவில்லை என்றால் பரிதாபப்படுகிற ஊர், தொப்பைக்காக என்றால் கை கொடுக்கிறது.

ஆனால் பையன் விடாக்கண்டன். திங்கள்கிழமைதோறும் எடை கேட்கிறான். குறையவே இல்லை. காரணம் ஞாயிற்றுக்கிழமை. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை 46 நாள். ஆறு ஞாயிறைக் கழித்தால்தான் கணக்கு நாற்பதில் வந்து நிற்கும். கழித்த ஞாயிறுகளில் எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடிக்கும். கர்த்தருடைய நாளில் உபவாசம் கூடாது என்று மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கார்த்தேஜ் ஊர்க்காரர் தெர்த்துல்லியன் எழுதிவைத்திருக்கிறார். அவரை மீற நான் யார்?

“அந்த ஞாயித்துக்கிழமையை நிறுத்துங்க சார். யாரு அப்படிச் சாப்பிடச் சொன்னது?”

“கார்த்தேஜ்ல ஒருத்தர்” என்றேன்.

நம்பர் கேட்டிருக்கிறான்.