புயலுக்கு ஒதுங்க ஓர் இடம்

கேள்வி: நெடும்பயணம் போகும் படகு, வானிலை கெட்டால் மதுரைப் பக்கம் எங்கே ஒதுங்கும்?

பதில்: மதுரையில் இருப்பது வண்டியூர்த் தெப்பக்குளம். அங்கே தெப்பமே வடம் பிடித்து இழுத்தால்தான் நகரும். கடலோடும் படகுக்குப் பாம்பன்தான் கதி. வடக்கே பாக் ஜலசந்தி, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக்காற்றில் வடக்கு கொந்தளிக்கும், தெற்கு அடங்கிக் கிடக்கும். கச்சான் காற்றில் தலைகீழ். அதற்கேற்பப் படகுகள் பாம்பன் கால்வாய் வழியே பக்கம் மாறி நங்கூரம் போடும்.

உயரமான படகென்றால் கால்வாய்க்கு மேலுள்ள ரயில் பாலமும் மனம் வைக்க வேண்டும். 1914-இல் வந்த பழைய பாலத்தை ஆட்கள் கையால் சுற்றித் திறந்தார்கள். 2025-இல் வந்த புதியதில் 72.5 மீட்டர் நீள இரும்புத் தூக்குப்பகுதி அப்படியே 17 மீட்டர் மேலே ஏறுகிறது.

காத்திருக்கும் நாளில் வலையைப் பழுதுபார்த்தபடி துறைமுகக் கம்பத்துப் புயல் கூண்டைக் கவனிக்கலாம். 5, 6, 7 எண் கூண்டுகள் மூன்றும் ஆபத்தே. புயல் கடக்கப்போவது துறைமுகத்துக்கு எந்தப் பக்கம், அல்லது நேரே தலைமேலா என்பதில்தான் வித்தியாசம். 8 முதல் 10 வரை அதே கதை, பெரிய புயலுக்கு. 11 ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. கேட்டுச் சொல்லவும் ஆளில்லை.