மரக்குதிரை அண்ணன்

கண்டியில் நாற்பதை நெருங்கும் ஆண்களில் ஒரு வகையினர் உண்டு. பார்வைக்கு எல்லோரையும் போலத்தான் இருப்பார்கள். காலையில் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். வெள்ளிக்கிழமை என்றால் கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, நெற்றியில் திருநீறோடு வேலைக்குப் போவார்கள். நமது அண்ணனும் அப்படித்தான். ஆனால் மதியம் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துவிட்டு, அதில் கை வைக்காமல் அவர் ஃபோனை எடுத்தால் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். திரையில் ஒரு சிறிய மனிதன் மரக்குதிரை ஒன்றை வைத்து விளையாடிக்கொண்டிருப்பான். அண்ணனின் முகத்தில் பெரஹராவில் தந்தப் பேழையைச் சுமக்கும் யானையின் கம்பீரம் இருக்கும்.

விளையாட்டின் பெயர் ரூன்ஸ்கேப். இங்கிலாந்தில் கோவர் சகோதரர்கள் உருவாக்கி 2001 ஜனவரியில் வெளியிட்டார்கள். பிரவுசரிலேயே ஓடியதால் நல்ல கணினி தேவைப்படவில்லை. கண்டி நெட் கஃபேக்களில் இருந்தவை நல்ல கணினிகளும் அல்ல. ஏ.எல். டியூஷனுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்த ஒரு தலைமுறை, பௌதிகவியல் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அங்கே மரம் வெட்டியது, மீன் பிடித்தது, பூதங்களை அடித்தது. அவர்களில் பலர் பிறகு டொக்டர், எஞ்சினியர் என்று ஆகி அந்த உலகத்தை மறந்துபோனார்கள். அண்ணன் மறக்கவில்லை. 2018 ஒக்டோபரில் பழைய ரூன்ஸ்கேப் கைப்பேசிக்கும் வந்ததும், அன்றைக்கே திரும்பிப் போய்விட்டார்.

அங்கே டிரெய்னர் என்றொரு கிராமம். மற்றவர்கள் வங்கிக்குப் பக்கத்தில் நிற்கும் வில்லோ மரங்களை வெட்டப் போவார்கள். அண்ணன் போவது டயாங்கோவின் பொம்மைக் கடைக்கு. குதிரை ஒன்று 150 காசு. பழுப்பு, வெள்ளை, கறுப்பு, சாம்பல் என்று நான்கு நிறம். வாங்கி 'விளையாடு' என்று தட்டினால் நமது ஆள் குதிரையை விரட்டுவது போல ஒரு கூச்சல் போடுவான். அவ்வளவுதான். பலம் கூடாது, புள்ளி ஏறாது, பூதமும் பயப்படாது. அந்த உலகத்தில் டிராகன் உண்டு, பாலைவனத்தைக் கடக்கப் பறக்கும் கம்பளம் உண்டு. ஏறிச் சவாரி போக ஒரு குதிரை மட்டும் கிடையாது.

"அதாலதான் மச்சான் இதுக்கு மதிப்பு" என்பார் அண்ணன். அவரிடம் இதற்கு ஒரு பொருளாதாரக் கொள்கையே இருக்கிறது. 2001 கிறிஸ்மஸ் சமயத்தில் அந்த விளையாட்டில் கடதாசித் தொப்பிகளைச் சும்மா கொடுத்தார்கள். அன்று அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. பிறகு கொடுப்பதை நிறுத்தியதும் விலை ஏறத் தொடங்கி, விளையாட்டிலேயே பெறுமதி கூடிய பொருட்களில் ஒன்றாகிவிட்டது. "நாளைக்குக் குதிரைக்கும் அப்படி ஒரு காலம் வரும்." தொப்பி மறுபடி வராததால்தான் விலை ஏறியது. டயாங்கோவோ விற்க விற்க புதுக் குதிரை வைத்துக்கொண்டே இருக்கிறான். இதைச் சொன்னால் அண்ணன் நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார். காணி, தங்கம், பிக்ஸட் டெபொசிட் என்று அலைகிறவர்களையும் அதே பார்வைதான் பார்ப்பார்.

உலகம் தன் கட்சிக்கு வந்துகொண்டிருக்கிறது என்பது அவர் கணிப்பு. 2006இல் ஒப்லிவியன் என்ற விளையாட்டில் குதிரைக்குக் கவசம் என்று இரண்டரை டொலருக்கு விற்றபோது ஊரே சிரித்தது. 2010இல் வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்டில் மின்னும் குதிரை ஒன்றுக்கு 25 டொலர் கொடுக்கச் சனம் வரிசையில் நின்றது. "அதெல்லாம் வியாபாரம், தம்பி. நம்மட குதிரை ரசனை."

ரசனைக்கு மாதச் சந்தா உண்டு, அதுவும் டொலரில். 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபதுக்கு ஏறியபோது அண்ணன் வீட்டில் பால்மா நின்றது, பேப்பர் நின்றது, ஞாயிற்றுக்கிழமை கோழியும் நின்றது. சந்தா நிற்கவில்லை. மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு வந்தது. அண்ணன் கரண்ட் வரும் நேரத்தைக் கணக்கிட்டு ஃபோனை சார்ஜ் போட்டார். பெட்ரோல் வரிசையில் ஊர் முழுக்க ஆட்சியைத் திட்டிக்கொண்டு நிற்க, பெட்ரோலைப் பங்கிடும் கியூஆர் அட்டை வருவதற்கு முன்னமே எரிபொருள் தேவைப்படாத வாகனத்தில் இருந்த ஒரே மனிதர் அவர்தான்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு மகன், வயது நாலு. கடையொன்றில் நிஜ ஆடுகுதிரையைப் பார்த்துவிட்டு அதன் வாலை விடமாட்டேன் என்று நின்றான்.

"என்னங்க, புள்ள ஆசப்படுறான். வாங்கிக் குடுங்களேன்."

அண்ணன் குதிரையைத் தட்டிப் பார்த்தார், மரத்தை மோந்து பார்த்தார், விலையைக் கேட்டார். "இவ்வளவு காசா, இந்தக் கட்டைக்கு? வீட்ல வைக்க எடமும் இல்ல. வளந்தா ஏறவும் மாட்டான்." பிள்ளைக்கு ஒரு பலூன் கிடைத்தது. அன்றிரவு அண்ணன் இரண்டாவது வெள்ளைக் குதிரை வாங்கினார். முதலாவதற்குத் துணையாம்.

போன வருடம் குடும்பமாக எம்பக்கே தேவாலயத்துக்குப் போனார்கள். கம்பளை இராச்சிய காலத்து மரவேலை, பதினான்காம் நூற்றாண்டு. இரட்டைத்தலைக் கழுகு, மல்லர்கள், பாலூட்டும் தாய், ஒன்றோடொன்று பின்னிய அன்னங்கள் என்று தூணுக்குத் தூண் செதுக்கல். கூரையில் இருபத்தாறு கைமரங்களை ஒரே மர ஆணி பிடித்து நிற்கும் அதிசயம். எல்லோரும் வாயைப் பிளந்து அண்ணாந்து நின்றார்கள். அண்ணன் மட்டும் குதிரைவீரன் இருக்கும் தூணைத் தேடிப் பிடித்து, பத்து நிமிடம் பார்த்துவிட்டு வழிகாட்டியிடம் கேட்டார்: "இது ஆடுமா?"

இத்தனைக்கும் அண்ணன் குடிக்கமாட்டார், சீட்டு ஆடமாட்டார், யாரிடமும் கடன் கேட்கமாட்டார். பந்தயக் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். நிஜக் குதிரையை நம்பிச் சொத்தை இழந்தவர்கள் பலர் இருக்கும் ஊரில், மரக்குதிரையால் அவருக்கு வந்த நட்டம் கொஞ்சம் பால்மா மட்டும்தான்.

ஆகவே கண்டிப் பக்கம் மாப்பிள்ளை பார்க்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். பையனின் படிப்பு, சம்பளம், பழக்கவழக்கம் எல்லாம் விசாரியுங்கள். கையோடு குதிரை எத்தனை என்றும் கேளுங்கள். நாலு என்றால் தயங்காமல் பெண்ணைக் கொடுங்கள். ஐந்தாவது நிறம் எப்போது வரும் என்று உங்களிடமே திருப்பிக் கேட்டால், ஜாதகத்தை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே வீடு திரும்பிவிடுங்கள்.