ரறைறெஅல

தலைப்பைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள். அது என் பழைய பாஸ்வேர்டு. (மாற்றிவிட்டேன். முயற்சி செய்ய வேண்டாம்.)

அம்பத்தூர் ஓ.டி.யில் ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு, பயோடேட்டா, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் அடித்துத் தருவேன். கம்ப்யூட்டர் இரண்டு. இரண்டிலும் லினக்ஸ். இங்கிருந்து மூன்றாவது ஸ்டேஷன் ஆவடி. அங்கேதான் 1955இல் காங்கிரஸ் கூடி ‘சோஷலிச பாணி சமுதாயம்’ என்று தீர்மானம் போட்டது. நான் லினக்ஸுக்கு மாறியதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விண்டோஸ் லைசென்ஸ் விலையைக் கேட்டேன், மாறிவிட்டேன்.

போட்டுக் கொடுத்தவன் அக்கா பையன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. “சித்தி, இது ஸ்டேபிள் ரிலீஸ். வருஷக்கணக்கா அசையாது” என்றான். சொன்ன மாதிரியே அசையவில்லை. அதிலிருந்த கோளாறும் அசையவில்லை. எந்த லினக்ஸ் என்று சொல்லமாட்டேன். ஓசியில் வாங்கியதன் பெயரைக் கெடுப்பது பாவம்.

ஆவடி டாங்கி ஃபாக்டரியில் இருந்து ரிட்டயரான சார் ஒருவர், தெருவில் தோண்டிப்போட்ட பள்ளத்தை மூடச் சொல்லி மனு அடிக்க வந்தார். பாதி அடித்திருப்பேன். ஜெராக்ஸுக்கு ஒரு பெண் ஆதார் கார்டோடு வந்து நின்றாள். முன்பக்கம், பின்பக்கம், சில்லறை எல்லாம் முடித்துத் திரும்பினால் திரை பூட்டிக்கொண்டிருந்தது. எம், யு, ஆர், யு, ஜி, ஏ, என் என்று தட்டினேன். ஏழு புள்ளி விழுந்தது. தவறு என்றது. மறுபடி தட்டினேன். தவறு. ஒவ்வொரு விசையாகக் குத்திக் குத்தித் தட்டினேன். தவறு.

“முருகனையே உள்ள விடமாட்டேங்குதா?” என்றார் சார். பாஸ்வேர்டை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுவது என் பழக்கம்.

கடைசியில் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்துத் திரும்பப் போட்டேன். மெஷின் வந்தது, மனு போய்விட்டது. சார் ஒன்றும் சொல்லாமல் பள்ளத்தை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். இந்த முறை பள்ளம் ஓரடி ஆழமாகியிருந்தது.

நாலு நாள் கழித்துத்தான் பிடிபட்டது. மனு அடித்தது தமிழ்99 விசைப்பலகையில். திரை பூட்டிய பிறகும் விசைப்பலகை தமிழிலேயே இருந்திருக்கிறது. எந்த மொழி என்று பூட்டுத் திரையில் ஓர் அடையாளமும் கிடையாது. புள்ளிக்கு ஏது மொழி? எம் இருக்கும் இடத்தில் ர. யு-வில் ற. ஆர்-இல் ஐ. ஜி-யில் எ. ஏ-யில் அ. என்-இல் ல. ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து அதே ஏழு விசைகளைத் தட்டிப் பார்த்தேன். திரையில் வந்து நின்றது: ரறைறெஅல. நான் முருகனைக் கூப்பிட்டிருக்கிறேன், அதன் காதில் விழுந்தது இது.

“இது யூஸபிலிட்டி பக், சித்தி. மெஷின் நின்னுபோகல. டேட்டா போகல.”

“என் மனு போச்சேடா?”

“அது நீங்க ஆஃப் பண்ணதால. செக்யூரிட்டி ஓட்டையும் இல்ல. திருடனும் உள்ள வர முடியாது, நீங்களும் வர முடியாது.”

ஸ்டேபிள் என்றால் கோளாறு இல்லாதது என்றுதான் நான் நினைத்திருந்தேன். மாறாதது என்பதுதான் அர்த்தமாம். 1993இல் ஆரம்பித்த டெபியன் லினக்ஸ்தான் இந்த விஷயத்தில் பெரிய மடம், ஆசாரம் அதிகம். அங்கே பிழைகளுக்கு ஏழு படிகள். உச்சியில் ‘கிரிட்டிகல்’. அடியில் ‘மைனர்’, அதற்கும் கீழே ‘விஷ்லிஸ்ட்’. ஸ்டேபிள் என்று முத்திரை குத்தி வெளியே விட்டபின், பாதுகாப்பு ஓட்டைக்கும் மேல்படிப் பிழைகளுக்கும்தான் கதவு திறக்கும். மைனரும் விஷ்லிஸ்ட்டும் ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் அடுத்த வெளியீட்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். சென்னை சி-டாக் 2007இல் கொண்டுவந்த பாஸ் லினக்ஸும் டெபியன் மேல் கட்டியதுதான். அரசு 2011 முதல் பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததே, அது. எத்தனை பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள் என்பது வேறு கதை.

எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் டாங்கி சாருக்கு இது உடனே புரிந்துவிட்டது. “டிராயிங்ல கையெழுத்து விழுந்துட்டா ஒரு வாஷரை மாத்தணும்னாலும் பேப்பர் போட்டுத்தாம்மா மாத்தணும். அந்த வாஷரை நம்பி எவன் எதை மாட்டி வெச்சிருக்கானோ?” என்றார். பள்ளத்துக்கு மட்டும் இந்த நியாயத்தை அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

சின்னப் பிழைகளை யாரும் கண்டுகொள்ளவே இல்லை என்றும் சொல்லக் கூடாது. 2009இல் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் ஆட்கள், காகிதம் விரலைக் கீறுவதுபோல ஆளைக் கொல்லாமல் எரிச்சல் மட்டும் தரும் பிழைகளில் நூறைப் பிடித்துச் சரிசெய்வோம் என்று ‘பேப்பர்கட்’ என்ற பெயரில் ஒரு திட்டமே போட்டார்கள். ஜெராக்ஸ் கடைக்காரிக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்தது செவ்வாய்க்கிழமைக் கதை. ஒருமுறை உபுண்டுவின் பிழைப் பட்டியலுக்கு ஒரு புகார் வந்தது. செவ்வாய்க்கிழமையானால் ஓப்பன் ஆஃபிஸில் பிரிண்ட் வருவதில்லை என்று ஒருவருடைய மனைவி சொல்லியிருக்கிறார். நம் ஊராக இருந்தால் கம்ப்யூட்டருக்கு ஜாதகம் எடுத்து, செவ்வாய் தோஷம் என்று வைத்தீஸ்வரன் கோயிலுக்கு அனுப்பியிருப்போம். தோண்டிப் பார்த்தால் அந்த அம்மாள் சொன்னதுதான் நிஜம். ஒரு கோப்பு என்ன வகை என்று மோந்து பார்த்துச் சொல்ல ‘ஃபைல்’ என்று ஒரு குட்டி நிரல் உண்டு. அச்சுக்குப் போகும் கோப்பின் தலையில் கிழமையும் தேதியும் இருக்கும். செவ்வாய்க்கான மூன்று ஆங்கில எழுத்தைக் குறிப்பிட்ட இடத்தில் கண்டதும், இது எர்லாங் என்ற கணினி மொழியின் கோப்பு என்று அந்த நிரல் முடிவுகட்டிவிடும். பிரிண்டர் வாயை மூடிக்கொள்ளும். புதன்கிழமை எல்லாம் சரியாகிவிடும். வீட்டில் பெண் சொல்வதைக் கிழமையோடு குறித்துவைக்க வேண்டும் என்று நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

என் பக் புது வெர்ஷனில் சரியாகிவிட்டதாம். “அன்ஸ்டேபிளுக்கு மாத்திடட்டுமா, சித்தி?” என்று கேட்டான். டெபியன் வெளியீடுகளுக்கெல்லாம் ‘டாய் ஸ்டோரி’ படப் பாத்திரங்களின் பெயர். 2025 ஆகஸ்டில் வந்தது ட்ரிக்ஸி. எப்போதுமே அன்ஸ்டேபிளாக இருப்பதற்கு மட்டும் சிட் என்று பெயர். அந்தப் படத்தில் பொம்மைகளை உடைக்கிற பையன். தை மாதம், கையில் பதினோரு கல்யாணப் பத்திரிகை, இந்த நேரத்தில் சிட்டைக் கடைக்குள் விடச் சொல்கிறான்! ஏற்கெனவே ஒருமுறை பட்டிருக்கிறேன். யாரோ ஒரு புண்ணியவான் எழுத்துரு ஒன்றில் வரி இடைவெளியைச் சரிசெய்தார். முப்பத்திரண்டு பக்கக் கும்பாபிஷேக மலர் முப்பத்து மூன்றாகி, நன்றியுரை மட்டும் தனியே கடைசிப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அவருக்கு அது பிழைதிருத்தம். எனக்கு ராத்திரி இரண்டு மணி.

ஆக என் கோரிக்கை எளிமையானது. என் பக்கை மட்டும் சரிசெய்துவிட்டு, மற்ற எதையும் தொடாமல் போக வேண்டும். உலகத்தில் எல்லோரும் இதையேதான் கேட்கிறார்களாம்.

இப்போதைக்குத் திரையின் ஓரத்தில், விசைப்பலகையின் மொழியை மாற்றும் விசைகளை எழுதி ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: ‘முதலில் சூப்பர்-ஸ்பேஸ், பிறகு முருகன்.’ ஆயுத பூஜைக்கு மானிட்டருக்குப் பொட்டு வைத்த வேலைக்காரப் பெண் அந்தச் சீட்டுக்கும் ஒன்று வைத்துவிட்டாள்.

அக்கா பையன் முறைப்படி புகாரும் பதிந்துவிட்டான். ‘மைனர்’ என்று குறித்திருக்கிறார்கள். ‘என்னையும் பாதிக்கிறது’ என்று அமுக்க அங்கே ஒரு பட்டன் உண்டு. இதுவரை 4 பேர் அமுக்கியிருக்கிறார்கள். ஒன்று நான். ஒன்று அவன். இன்னொன்று அவனுடைய ஆபீஸ் கணக்கு. நாலாவது ஆள் யாரென்று தெரியவில்லை. இதைப் படிக்கிறீர்கள் என்றால், ஆவடி, பூந்தமல்லி எந்தப் பக்கமாக இருந்தாலும் ஒருநாள் கடைக்கு வாருங்கள். டீ என் செலவு.