சவுண்டு அண்ணன்

எந்த மெல்லிசைக் குழுவை எடுத்துக்கொண்டாலும், எதையும் வாசிக்காத ஒருவர் அதில் இருப்பார். பாட மாட்டார், மிக்சர் பக்கம் உட்கார மாட்டார், நோட்டீசில் பெயர் வராது. ஆனால் கச்சேரிக்கு முந்தின இரவு, அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடாமல் ஹெட்போன் மாட்டி சிந்தசைசரில் பழகிக்கொண்டிருக்கும் பையன், "சவுண்டு உடையுதே" என்று வாய்விட்டுச் சொன்னால் போதும். அரைமணி நேரத்தில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும். அவர்தான் சவுண்டு அண்ணன்.

சட்டைப் பையில் டெஸ்டர். தோள்பையில் ரிச்சி தெருவில் வாங்கிய பின்கள், கன்வெர்ட்டர்கள், கான்டாக்ட் கிளீனர். வந்ததும் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்ப்பார் என்று எதிர்பார்க்கக் கூடாது. கேட்டுவிட்டால் பேச என்ன மிச்சமிருக்கும்? உட்கார்ந்தவுடன் "என்ன மாடல்?" என்பார். பதில் வருவதற்குள் 1983-க்குப் போய்விடுவார். "யமஹா டிஎக்ஸ்7 வந்த வருஷம். அதுல 12 பிட் கன்வெர்ட்டர். நாதம் தேயத் தேய அடியில லேசா ஒரு கரகரப்பு வரும். இதுவும் அந்த ஜாதிக் கோளாறுதான்." பையனின் கீபோர்டு போன வருடம் வாங்கியது.

அண்ணன் பொய் சொல்கிறார் என்று யாரும் குற்றம் சாட்ட முடியாது. அவர் சொல்வது அத்தனையும் உண்மை. எதிரில் இருக்கும் கீபோர்டைத் தவிர உலகத்திலுள்ள எல்லாக் கீபோர்டுக்கும் பொருந்தும். 250 ஓம் ஹெட்போனுக்குச் சின்ன ஆம்ப்ளிஃபயர் தரும் வோல்டேஜ் பத்தாது, முட்டத் திருகினால் உடையும் என்பார். சத்தியமான வார்த்தை, பையன் காதில் இருப்பது 32 ஓம். அடாப்டர் வோல்டேஜ் குறைந்தால் கரகரக்கும் என்பார். அதுவும் சரி, ஆனால் அடாப்டர் கீபோர்டோடு பெட்டியிலேயே வந்தது.

அவருக்கு ஆகாதவை எளிய காரணங்கள். பேட்டரி இறங்கியிருக்கிறது, பின் பாதிதான் உள்ளே போயிருக்கிறது என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கும். இன்னொன்றும் உண்டு: டோனின் லெவலை உச்சத்தில் வைத்து, பேஸையும் ஏற்றி, பெடலை மிதித்தபடி இரண்டு கையாலும் அழுத்தினால், எல்லா நோட்டும் ஒன்றாகக் கூடி மேலே முட்டி வெட்டுப்பட்டுவிடும். இது கீபோர்டுக்குள்ளேயே நடப்பதால் மாஸ்டர் வால்யூமைக் குறைத்தாலும் உடைசல் போகாது. டோன் லெவலைக் குறைக்க வேண்டும். அண்ணனுக்கு இது தெரியாதா என்ன? ஆனால் ஒரு விரலால் குணமாகிவிடும் நோய்க்கு, ரெண்டு பஸ் மாறி வந்த வைத்தியருக்கு என்ன மரியாதை?

ஊருக்குச் சொல்லும்போது மட்டும் மிக ஒழுங்கு. "முதல்ல அதே ஹெட்போனை வேற எதுலயாவது மாட்டிக் கேளு. அப்புறம் வேற ஹெட்போனை கீபோர்டுல மாட்டு. அதுக்கப்புறம் லைன் அவுட்ல ஸ்பீக்கர் போட்டுப் பாரு. திருடன் ஹெட்போனா, ஜாக்கா, உள்ள இருக்கானான்னு மூணே படியில தெரிஞ்சிடும்." சொல்லி வாய் மூடவில்லை, கீபோர்டைக் கவிழ்த்து ஸ்க்ரூ எத்தனை என்று எண்ண ஆரம்பித்துவிடுவார்.

ஒருமுறை அப்படி ஸ்டார் ஸ்க்ரூ டிரைவருக்காகப் பையைத் துழாவிக்கொண்டிருந்தபோது, பொழுது போகாத தபேலாக்காரர் ஹெட்போனை எடுத்து மாட்டினார். போனோடு வந்த ஹெட்போன். ஒயரில் மைக்கும் பட்டனும் உண்டு. கை தவறிப் பட்டனை அழுத்த, கிணற்றுக்குள் கிடந்த பியானோ கரையேறி வந்தது. விட்டால் மறுபடி கிணறு.

"அட, இது தெரியாதா?" என்றார் அண்ணன், தலைகூட நிமிராமல். "நாலு காண்டாக்ட் பின். மூணு காண்டாக்ட் ஜாக்ல சொருகினா, சிலதுல கிரவுண்டு போய் மைக் மேல உக்காந்துடும். ரெண்டு காதுக்கும் பொதுவான சவுண்டு அடிபட்டு, மிச்சம்தான் கேக்கும். பட்டனை அழுத்தினா மைக்கும் கிரவுண்டும் சேர்ந்துடும், சரியாயிடும்." ஒரு எழுத்துப் பிசகில்லாத விளக்கம். நோய் குணமானபின் அதைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு நிகர் கிடையாது.

நியாயமாகச் சொன்னால், பையிலிருந்து மூன்று காண்டாக்ட் ஹெட்போனை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். காசு கேட்கவில்லை, எப்போது திரும்பி வரும் என்றும் கேட்கவில்லை. பையன் கொடுத்த டீயை மட்டும் வாங்கிக்கொண்டார். பிறகுதான், அன்று முதல்முறையாக, ஹெட்போனைக் காதில் மாட்டி, தனக்குத் தெரிந்த ஒரே சி மேஜரை அழுத்தினார். கண்ணாடி மாதிரிக் கேட்டிருக்க வேண்டும். முகத்தில் களையே இல்லை.

"மினிமூக் கேள்விப்பட்டிருக்கியா தம்பி? 1970-ல வந்தது. அதோட ஹெட்போன் அவுட்லேர்ந்து ஒரு ஒயரை எடுத்து, அதோட இன்புட்லயே திருப்பிச் சொருகி, வேணும்னே சவுண்டை உடைப்பானுங்க. 2012-ல ஆர்ட்டூரியாக்காரன் மினிப்ரூட்ல அதுக்குன்னே ஒரு குமிழ் வெச்சு வித்தான். ஊரெல்லாம் காசு குடுத்து வாங்குற உடைசல், உனக்கு ஓசியில வந்துச்சு. அதைப் போய் சரி பண்ணச் சொல்லிட்டியே!"