காலி செய்தால்தான் கதவு திறக்கும்

கேள்வி: தொலைவில் உள்ள சர்வரில் ஒரு ஃபோல்டரை கோட் எழுதி நீக்கப் பார்த்தால், ‘காலியாக இல்லை’ என்று மறுத்துவிடுகிறதே, ஏன்?

பதில்: குடியிருப்பவர்களை வெளியேற்றாமல் வீட்டை இடிக்கக் கூடாது என்பது அதன் சட்டம்! பிஎச்பியில் எஃப்டிபி வழியாக ஃபோல்டரை நீக்கும் ஃபங்ஷன், காலி ஃபோல்டரை மட்டுமே நீக்கும். எனவே கோட் முதலில் உள்ளே போய்ப் பட்டியல் எடுக்க வேண்டும். ஃபைல் என்றால் அழிக்க வேண்டும். ஃபோல்டர் என்றால் அதற்குள்ளும் இதே வேலை. அடியாழத்தில் இருப்பது முதலில், மேலே இருப்பது கடைசியில்.

பட்டியலில் வரும் இரட்டைப் புள்ளியைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். அது மேல் ஃபோல்டரைக் குறிக்கும். கவனிக்காவிட்டால் கோட் மேலேறிப் பக்கத்து ஃபோல்டர்களையும் துடைத்துவிடும்.

லினக்ஸில் ‘ஆர்எம் -ஆர்எஃப்’ என்ற கட்டளை ஒரே வரியில் எல்லாவற்றையும் முடித்துவிடும். ஆபத்தும் அங்கேதான்.

2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர் துணை டேட்டாபேஸ் சர்வரில் கொடுக்க வேண்டிய இந்த அழிப்புக் கட்டளையை முதன்மை சர்வரில் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடிகளில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி போய், மிஞ்சியது 4.5 ஜிபி. வழக்கமான பேக்கப்பைத் தேடினால், மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் அது எடுக்கப்படவே இல்லை! சுமார் 6 மணி நேரத்துக்கு முந்தைய ஸ்னாப்ஷாட் ஒன்றுதான் கைகொடுத்தது.

எந்த சர்வரில் இருக்கிறோம் என்பது பளிச்செனத் தெரியும்படி டெர்மினல் பிராம்ப்ட்டை மாற்றுவதும், அந்த நிறுவனம் பிறகு வகுத்த சீர்திருத்தப் பட்டியலில் இடம்பெற்றது.